லிஃப்ட் வரும்வரை

ஆகுர்டி
28 ஜூன் 2025, சனிக்கிழமை

வைஷு,

ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. ஒன்றரை வருடமாக நமக்கு நடுவில் அந்தக் கட்டைவிரல்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அதனால் கடிதம். தபால்காரர் உன் அப்பாவேதான். நாளைக்கு வழக்கம்போல லோக்கல் ரயிலில் புனே ஸ்டேஷன் வந்து, பஸ் மாறி, மகர்பட்டாவுக்குப் பேத்தியைப் பார்க்க வருவார். தட்டை டப்பாவுக்கு அடியில் உறையை வைத்திருக்கிறேன். பிரித்துப் படித்துவிடுவாரோ என்று பயப்படாதே. என் கதையைப் படிக்கும்போதே இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடும் மனுஷன் அவர்.

உறையோடு ஒரு பத்திரிகை இருக்கிறது. அதில் என் கதை வந்திருக்கிறது. தலைப்பு 'போறேன்'. அதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ஜான் ஃபோன் செய்தார். அவரே சின்னதாகப் பதிப்பகமும் நடத்துகிறார். "அக்கா, இதுவரைக்கும் எழுதின எல்லாத்தையும் அனுப்புங்க, புத்தகமாப் போட்டுடலாம். இந்தக் கதைதான் முதல்ல, இதுவே தலைப்பு" என்றார். அறுபத்தொரு வயதில் எனக்கு ஒரு புத்தகம். அப்பாவிடம் சொன்னேன். அட்டையில் என் ஃபோட்டோ வருமா, வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடு என்றார்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜான் வைக்கும்போது ஒன்று சொன்னார். "கடைசிப் பக்கம் மட்டும் ஒட்டலை அக்கா. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியலை, உங்களுக்குத் தெரியும்." தெரியும் என்றால் எழுதியிருக்க மாட்டேனா. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதுகிறேன். சாம்பாரைக் கிளறிக்கொண்டே வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து அப்பா ஹாலிலிருந்து பதில் சொல்கிறார். பண்டரிபுரம் போகிற பால்கி ஊர்வலம் வந்த அன்றைக்கு ஊரே ரோட்டில் நின்றது. நான் மட்டும் பால்கனியில் நின்று, கீழே போகிற ஜனங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதையில் ஒரு பெண் வருகிறாள். வேலைக்காகத் துபாய் போகிறாள். வாசலில் நின்று அம்மாவிடம் "போறேன்மா" என்கிறாள். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை. அது அம்மாவை அறுத்துக்கொண்டே இருக்கிறது. மீதியை நீயே படித்துக்கொள். தமிழ் படிக்கக் கஷ்டமாக இருந்தால் ஃபோனில் காட்டு, அதுவே படித்துச் சொல்லுமாமே.

அந்தப் பெண் நீ இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓவியாவுக்குச் சளி என்று அப்பா சொன்னார். வெற்றிலையை லேசாக வாட்டி நெஞ்சில் போடு.

அம்மா


மகர்பட்டா
6 ஜூலை 2025

அம்மா,

நான் பேசறேன், ஃபோன் டைப் பண்ணுது. எனக்குத் தமிழ்ல எழுத வராதுன்னு உனக்கே தெரியும். கீழே கடைல பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட குடுத்து விடறேன். தப்பு இருந்தா ஃபோனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

கதை கேட்டேன். ஃபோன்ல ஒரு பொம்பளை படிச்சா. "கண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் போ"ங்கறதை, மெட்ரோல அடுத்த நிலையம் சிவாஜி நகர்னு சொல்ற மாதிரி படிச்சா. இருந்தாலும் முழுசாக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்.

அந்தப் பொண்ணு நான் இல்லையா? புனேல பொறந்தவ. அப்பாவுக்குக் கம்பெனில ஷிஃப்ட் வேலை. மொட்டை மாடில வடாம் காய வெச்சா குரங்கு மாதிரி உட்கார்ந்து பாதியைப் பச்சையாத் தின்னுடுவா. இது யாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணா? என்னோட மூக்குத்தி கூட அவளுக்கு இருக்கு. நான் தொலைச்ச மூக்குத்தி.

அது கூடப் பரவால்ல. கடைசில என்ன எழுதியிருக்கே? அந்தப் பொண்ணு துபாய்லேர்ந்து ஃபோன் பண்ணி, "ஐயோ அம்மா, போறேன்னு சொல்லக் கூடாதா, எனக்குத் தெரியாதே, எனக்குத் தமிழ் அவ்ளோதான்"னு சொல்றா. அம்மா சிரிச்சுக்கிட்டே அழறா. மத்லப், அதாவது அவ ஒரு அசடு. தாய் பாஷை கூடத் தெரியாத அசடு. அம்மா பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடறா. அம்மா தெய்வம்.

நான் அன்னிக்கு வாசல்ல நின்னப்ப எதிர் வீட்டு ஷிந்தே காக்கூவும் கதவைத் திறந்துக்கிட்டு நின்னாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொன்னேன்? உனக்கு நல்லாக் காது கேக்கும். அதை ஏன் கதைல விட்டே?

துபாய் எங்கேர்ந்து வந்துச்சு? நான் ஏன் அந்த வீட்டை விட்டுப் போனேன்னு உனக்குத் தெரியாதா?

இந்தக் கதையைப் புக்குல போடாதே. வேற எதை வேணா போடு. அந்த ஜான் சார்கிட்ட சொல்லிடு.

ஓவியாவுக்குச் சளி போயிடுச்சு. வெத்தலை போட்டேன்.

வைஷாலி


ஆகுர்டி
12 ஜூலை 2025

வைஷு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்பாவுக்குக் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். அவரும் முழு டம்ளரையும் குடித்துவிட்டார். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அதிலேயே புரிந்துகொண்டிருப்பார்.

போடாதே என்று ஒரு வரியில் சொல்லிவிட்டாய். புத்தகத்துக்கு அந்தக் கதையின் பெயரையே வைத்து அட்டைக்குப் படம் வரையக் கொடுத்தாகிவிட்டது. அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பதெல்லாம் வெறும் மிக்சர். எனக்கே தெரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, ஷிஃப்ட்டுக்கு டிஃபன் கட்டி, உன் யூனிஃபார்ம் துவைத்து, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலருக்குக் கோலக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஐம்பத்தேழு வயதில்தான் கோலக் குறிப்பு கேட்டவர்களிடம் கதை எழுதிக் கொடுத்தேன். அவர்களும் பக்கத்தை நிரப்ப வேறொன்றும் இல்லாததால் அதைப் போட்டார்கள். சின்ன வயதிலேயே தொடங்கியவர்களுக்கு இன்னொரு கதை வரும், இன்னொரு வருஷம் வரும். எனக்கு இருப்பதை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். இருப்பது நீதான், அப்பாதான், இந்த ஃபிளாட்தான்.

ஷிந்தே காக்கூவை ஏன் விட்டேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். அவளிடம் நீ "யேத்தே, காக்கூ" என்றாய். வருகிறேன் என்று. அவளும் "யே பாளா" என்றாள், வா குழந்தே என்று. மராத்தியிலும் யாரும் வாசலில் நின்று போகிறேன் என்று சொல்வதில்லை. அந்த நாகரிகம் உனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நொடி என் பக்கம் திரும்பி "போறேன்" என்றாய். எனக்கு நன்றாகக் காது கேட்கும்.

அதைக் கதையில் எழுதினேன். முதல் பிரதியில் இருந்தது. திரும்பப் படித்தபோது பயமாக இருந்தது. எதிர் வீட்டுக்காரிக்கு வரேன், பெற்றவளுக்குப் போறேன் என்றால் படிக்கிறவர்கள் அந்தப் பெண்ணைச் சும்மா விடுவார்களா? கல்நெஞ்சுக்காரி என்று நாலு பேர் கடிதம் போடுவார்கள். என் பெண்ணை ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் திட்டுவதற்கு நானே எழுதிக் கொடுப்பதா? அதனால்தான் காக்கூ வரும் இடத்தை அடித்துவிட்டேன். துபாயைப் போட்டேன். உன்னைத் தமிழ் தெரியாதவளாக ஆக்கினேன். நான் தெய்வமாக வேண்டும் என்று செய்யவில்லை. நீ தப்பித்துக்கொள்ள வேண்டும் என்று செய்தேன்.

ஆனால் எனக்குத் தெரியவே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது, மாத்திரை போடும்போது, கோவிலில் கண்ணை மூடி நிற்கும்போது எல்லாம் இதுதான் ஓடுகிறது. பழக்கத்தில் வாய் தவறி வந்ததா? இல்லை, தெரிந்தே சொன்னாயா? ஒரு நாள் தவறித்தான் வந்தது என்று முடிவுகட்டி நிம்மதியாகச் சாப்பிடுவேன். மறுநாள் இல்லை என்று தோன்றும், சோறு இறங்காது. கடைசிப் பக்கம் ஒட்டாததற்கு இதுதான் காரணமோ என்னவோ. எழுதுகிறவளுக்கே தெரியாததை எப்படி எழுதுவது?

கதையை எடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். இதை மட்டும் சொல். தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா?

அம்மா


மகர்பட்டா
20 ஜூலை 2025

அம்மா,

தெரிஞ்சுதான் சொன்னேன்.

அவ்ளோதான் சொல்லிட்டு ஃபோனை அணைச்சுட்டேன். அப்புறம் திரும்ப எடுத்துப் பேசறேன். நீ பாட்டுக்கு அதை வெச்சு ஒரு கதை பண்ணிடுவே, அதனால முழுசாச் சொல்லிடறேன்.

எனக்கு அஞ்சு வயசு இருக்கும். ஷிந்தே காக்கூ வீட்ல விளையாடிட்டுக் கிளம்பறப்ப "ஜாத்தே"ன்னேன். போறேன்னு. காக்கூ என் வாயைப் பொத்தி, அப்படிச் சொல்லக் கூடாது, யேத்தே சொல்லுன்னாங்க. உன்கிட்ட வந்து சொன்னேன். நீ நம்ம வீட்லயும் அப்படித்தாண்டி, போயிட்டு வரேன்னு சொல்லணும்னே. ஒரே நாள்ல ரெண்டு பாஷைலயும் கத்துக்கிட்டேன். எப்படி மறப்பேன்? நான் டெஸ்டிங் டீம்ல இருக்கேன் அம்மா. யாரு எந்த இடத்துல எந்த வார்த்தை போட்டிருக்காங்கன்னு பாக்கறதுதான் என் வேலை.

நான் ஏன் போனேன்னு நீ எழுதலையே, நானே சொல்றேன். உன் மாப்பிள்ளை முகுந்த் கப்பல் வேலைல இருந்தான். எனக்குப் பிரசவ லீவு முடிஞ்சு ஆபீஸ் ஆரம்பிச்சுடுச்சு. ஓவியாவைத் தூக்கிக்கிட்டு உன்கிட்ட வந்தேன். நாலு மாசம் நல்லாப் பாத்துக்கிட்டே. அப்புறம் ஒரு நாள் இட்லி தட்டைக் கழுவிக்கிட்டே சொன்னே. "காலைல நான் எழுதணும் வைஷு. மத்தியானத்துக்கு மேல எவ்வளவு நேரம் வேணா வெச்சுக்கறேன். காலைல பாளணாகர்ல விடு." கைக்குழந்தையைக் காப்பகத்துல விடச் சொல்ற பாட்டியை நான் ஆபீஸ்ல யார் வீட்லயும் கேள்விப்படலை. எல்லார் அம்மாவும் ஊர்லேர்ந்து டிரெயின் ஏறி வந்து பாத்துக்கறாங்க. என் அம்மாவுக்குக் கதை வருது.

நான் கெஞ்சினேன். இன்னும் ஒரு வருஷம் பாத்துக்கோ, அப்புறம் எழுதுன்னேன். நீ "எனக்கு அப்புறம்னு ஒண்ணு இல்லை"ன்னே. அப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே. அதான் போறேன்னு சொன்னேன். உனக்குக் குத்தணும்னு சொன்னேன். காக்கூகிட்ட யேத்தே சொன்னதும் உனக்குக் கேக்கணும்னுதான். நான் என்ன சொன்னாலும் உன் காதுல ஏறாத சமயம் அது. இது ஒண்ணாவது ஏறட்டும்னு.

இன்னொண்ணு உனக்குத் தெரியாது. லிஃப்ட் வர்ற வரைக்கும் நின்னேன். நம்ம பில்டிங் லிஃப்ட் எவ்ளோ மெதுவா வரும்னு தெரியும்ல. போறேன்னு சொன்னா அம்மா என்ன சொல்லுவாங்க? "போயிட்டு வா"ன்னு திருத்துவாங்க. நீ எல்லாத்தையும் திருத்துறவ. ஸ்கூல் நோட்டுலேர்ந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் திருத்தினவ. இதையும் நீ திருத்துவேன்னு நின்னேன். ஓவியா தோள்ல தூங்கிட்டு இருந்தா. உள்ளேர்ந்து நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுச்சு. சாப்பாட்டு மேஜை நாற்காலி, அந்தக் கிர்ர்னு ஒரு சத்தம். நான் கீழ கூடப் போகலை, நீ எழுத உட்கார்ந்துட்டே.

உன் கதைல அந்த அம்மா பால்கனிக்கு ஓடி வந்து ஆட்டோ மறையற வரைக்கும் நிக்கறா. பொய்.

நாலு பேர் என்னைத் திட்டுவாங்கன்னு பயந்தியாம். திட்டட்டும்மா. கல்நெஞ்சுக்காரின்னு சொன்னாக் கூட அது நான். அசடுன்னா அது நான் இல்லை. போடறதா இருந்தா காக்கூவைப் போடு, நாற்காலியைப் போடு. இல்லாட்டி எடுத்துடு.

வைஷாலி


ஆகுர்டி
9 ஆகஸ்ட் 2025

வைஷு,

இரண்டு ஞாயிறாக அப்பா வெறும் டப்பாவோடு வந்தார் என்று நினைத்திருப்பாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதினேன், கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆமாம். நாற்காலியை இழுத்தேன். நீ லிஃப்ட்டுக்கு நிற்கிறாய் என்று தெரியாது, போய்விட்டாய் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேனா என்று இருபது நாளாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். வந்திருப்பேன் என்று எழுதினால் அது மறுபடியும் பால்கனிக் கதை. தெரியவில்லை வைஷு. அன்றைக்குப் போவதற்கு எனக்கு இருந்த இடம் அந்த மேஜை ஒன்றுதான். உட்கார்ந்து எழுதினேன். எழுதினது முழுக்கக் கண்ணீரில் ஊறிப்போய்க் குப்பைக்குப் போனது. ஆனால் உட்கார்ந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பாவிடம் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போட்டுத் தரச் சொன்னேன். வருஷக்கணக்காகச் சொல்லாமல் இப்போது என்ன அவசரம் என்று கேட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தார். சத்தமே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்தேன், ஒரு வரி வரவில்லை. யார் வீட்டிலோ திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நானே நாலு ரப்பரையும் பிடுங்கிப் போட்டேன். அந்தக் கிர்ர் சத்தம் எனக்கு வேண்டும். அது உனக்கு எப்படிக் கேட்டது என்பதும் இப்போது எனக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இனிமேல் உட்கார வேண்டும்.

ஒன்றை நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள். காலை எனக்கு வேண்டும் என்று சொன்னதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாளைக்கே நீ ஓவியாவோடு வந்து நின்றாலும் அதைத்தான் சொல்வேன். உன் மேல் பிரியம் குறைந்து சொல்லவில்லை. ஓவியாவின் தலை வாசனை இன்னும் என் பச்சைப் புடவையில் இருப்பதாக நினைத்து அதைத் துவைக்காமல் வைத்திருந்த பைத்தியம் நான். ஆனால் அந்த மேஜையில் உட்காராத நாட்களில் நான் யாருக்கும் நல்லவளாக இருந்ததில்லை. அப்பாவைக் கேட்டுப் பார்.

கடைசிப் பக்கத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். துபாய் இல்லை. குழந்தை இருக்கிறது, பாளணாகர் இருக்கிறது. காக்கூ வாசலில் நிற்கிறாள். பெண் அவளிடம் யேத்தே சொல்கிறாள், அம்மாவிடம் போறேன் என்கிறாள், தெரிந்தே சொல்கிறாள். அம்மா திருத்தவில்லை. நாற்காலியை இழுக்கிறாள். வெளியே லிஃப்ட் இன்னும் வரவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன். அதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை, பொய்தான் இருக்கிறது.

ஜானுக்குப் படித்துக் காட்டினேன். "இப்ப ஒட்டிடுச்சு அக்கா. ஆனா படிக்கறவங்க உங்களைத்தான் திட்டுவாங்க" என்றார். என் பெண்ணிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன், காத்திருங்கள் என்றேன். அட்டைக்காரர் அவசரப்படுகிறாராம். படட்டும்.

பக்கங்களை உறையில் வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் கதை வெளியே வராது. புத்தகமும் வராது, மிக்சரை விற்க எனக்கு இஷ்டமில்லை. வெளியே வராவிட்டாலும் மறுநாள் காலை மேஜைக்குப் போவேன், அது வேறு விஷயம். போடலாம், கூடாது, எதுவானாலும் அப்பாவிடம் வாயால் சொல்லி அனுப்பு, போதும். கடிதம் எழுதச் சொல்லி உன்னைப் படுத்த மாட்டேன்.

அம்மா


மகர்பட்டா
17 ஆகஸ்டு 2025

அம்மா,

இது நான் கையால எழுதறது. ஃபோன் இல்ல. பெண்சில்ல எழுதறேன், அழிச்சு அழிச்சுப் பேப்பர் ஓட்டை ஆயிடுச்சு. தப்பு இருக்கும். திறுத்தாதே.

உன் பக்கங்களை நானே படிச்சேன். அந்த மெட்ரோ பொம்பளை வேண்டாம்னு தோணிச்சு. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி படிச்சேன். ரொம்ப நாள் ஆச்சு. நாற்க்காலி வற்ற இடத்துல நிறுத்திட்டேன். மறுநாள்தான் மீதி படிச்சேன்.

போடு.

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கல. ஆனா அவ யாருன்னு தெறியுது. முன்னாடி கதைல இருந்தவ யாருன்னே தெறியல.

ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். டெஸ்டிங்ல இருக்கேன்ல. காக்கூ வீட்டுக் கதவு பச்சைன்னு எழுதியிருக்கே. நீலம். நீ எப்பவும் உள்ளயே உக்காந்து எழுதினா எப்படித் தெறியும்.

ஓவியாவை இங்க பாளணாகர்லதான் விடறேன். அங்க மராட்டில பாட்டெல்லாம் பாடறா. போன வாரம் அங்க விட்டுட்டு நான் ஆபீஸ் கிளம்பறப்ப கதவுக்கிட்ட நின்னு எனக்கு டாட்டா காட்டி "யேத்தே"ன்னா. போறது நான், வறேன்னு சொல்றது அவ. சிரிச்சுட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. ஃபோனை எடுத்தேன். மணி பத்து. நீ எழுதிட்டு இருப்பேன்னு வெச்சுட்டேன். கோவத்துல வெக்கல.

கணபதி வருது. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை நானும் ஓவியாவும் வறோம். காலைல வர மாட்டேன். மத்தியானத்துக்கு மேலதான் வறேன்.

வைஷு